பொறுத்தார் கோப்பை ஆள்வார்

கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்திரிகை அடிக்க இத்தனை நாள், ஜவுளி எடுக்க இத்தனை நாள், பந்தக்கால் நட ஒரு நாள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே போன்ற கணக்கு ஆண்டுதோறும் நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தொங்கும் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அதற்கு முந்தைய வாரங்களில் பென்சில் குறிப்புகள். ஆனால் அங்கே மணமகனும் இல்லை, மணமகளும் இல்லை. கார் ஷெட்டின் மூலையில், கம்பளிக்கு அடியில் ஒரு வாளி மட்டும் மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது பீர். சிவப்பு வட்டம், அது பாட்டில்களில் அடைபட்டுப் போட்டி மேஜைக்குப் போய்ச் சேர வேண்டிய நாள்.

வீட்டில் காய்ச்சுவது என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவு வருவது கள்ளச்சாராயமும் அதைத் தொடரும் சாவுச் செய்திகளும்தான். இது அதுவல்ல. சாராயம் வடித்தெடுப்பது, பீர் வெறுமனே புளிக்க வைப்பது. இட்லி மாவை இரவில் பொங்க வைக்கும் அதே இயற்கைதான் இங்கும் வேலை செய்கிறது. தமிழுக்கும் இந்தக் கைவேலை புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வீட்டிலேயே சமைத்த 'தோப்பி' என்ற கள் வருகிறது. அரிசிக் கூழை வாயகன்ற தட்டில் ஆற்றி, புளிக்க வைக்கும் சேர்க்கையைக் கலந்து, சாடியில் விளைய விடும் முறையையும் அந்நூல் சொல்கிறது. அதற்குப் புலவர் தரும் காலக்கெடு இரண்டு பகல், இரண்டு இரவு.

அமெரிக்க வீட்டுக்காரருக்கு இரண்டு நாள் போதாது. அவருடைய பானம் மூடிபோட்ட பாட்டிலுக்குள் இரண்டாவது முறை உயிர்பெற்றாக வேண்டும். அவருடைய சங்கடமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் கட்டம் சமையல். முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், அதன் இனிப்பு வெந்நீரில் இறங்குகிறது. அந்தக் கஷாயத்தில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. பிறகு விரைவாக ஆறவைத்து ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழிந்தபின் நுரை அடங்குகிறது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானி போன்ற ஒரு கருவியை மிதக்க விட்டு அடர்த்தியை அளக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்தும் எண் மாறவில்லை என்றால் முதல் கட்டம் முடிந்தது.

இப்போது கையில் இருப்பது பீர்தான். ஆனால் உயிரில்லாத பீர். வாயு வெளியேறிவிட்டதால் ஆறிப்போன காபியைப் போலச் சப்பென்று இருக்கும். அதற்கு மீண்டும் உயிர் கொடுக்கத்தான் பாட்டில். வழக்கமான வீட்டுத் தயாரிப்பு 5 அமெரிக்க காலன், அதாவது சுமார் 19 லிட்டர். அதற்கு 120 கிராம் அளவில் சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கலக்கிறார்கள். லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம்தான். பிறகு 355 மில்லி பிடிக்கும் பழுப்புப் பாட்டில்கள் ஐம்பதில் நிரப்பி, கைக்கருவியால் மூடியை அழுத்திவிடுகிறார்கள். பீரில் மிதக்கும் மிச்ச ஈஸ்ட் இந்தப் புதுச் சர்க்கரையைக் கண்டு மறுபடி கண்விழிக்கிறது. அது உண்டாக்கும் வாயுவுக்கு இம்முறை வெளியேற வழியில்லை. அது பீருக்குள்ளேயே கரைகிறது. மூடியைத் திறக்கும்போது எழும் 'உஸ்' என்ற சப்தத்துக்குக் காரணம் இந்தச் சிறைவாசம்தான்.

அறை வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் இதற்கு இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். குளிர்ந்த நிலவறையில் வைத்தால் இன்னும் தாமதம். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாடி வழியே தெரியாது. அதனால் பலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஐம்பது பாட்டில்களோடு ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வைப்பார்கள். தினமும் அதை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். மாங்காய் பழுத்ததா என்று தொட்டுப் பார்ப்பதற்கு நேர் எதிர் வேலை இது. மாங்காய் இளகினால் பழுத்தது. பாட்டில் கல்லாக இறுகினால் வாயு ஏறிவிட்டது.

இனி காலண்டர். பாட்டில்கள் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே போய்ச்சேர்ந்து நிமிர்ந்து நின்றால்தான் பயணத்தில் கலங்கிய ஈஸ்ட் வண்டல் அடியில் படியும். அதற்கு ஒரு வாரம், பாட்டிலுக்குள் மூன்று வாரம், வாளியில் இரண்டு வாரம். ஆக, சாதாரண 'ஏல்' வகைக்கே 42 நாள். குளிரில் நிதானமாகப் புளிக்கும் 'லாகர்' என்றால் இரண்டு மூன்று மாதம். ஆல்கஹால் அதிகமுள்ள 'பார்லி ஒயின்' ஆறு மாதமோ ஓராண்டோ கேட்கும். கோதுமை பீர் கதையே வேறு. அது இளசாக இருக்கும்போதே குடிக்க வேண்டியது. மூன்று வகைகளை ஒரே போட்டிக்கு அனுப்ப நினைப்பவர் மூன்றையும் ஒரே நாளில் அடுப்பில் ஏற்ற முடியாது. பார்லி ஒயின் முந்தைய கோடையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். கோதுமை பீர் கடைசியில்தான் வர வேண்டும். எல்லா ரயில்களும் ஒரே நேரத்தில் வந்து சேர, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நேரத்தில் கிளப்புவது போன்ற காரியம்.

பீரும் காலமும் பின்னிய கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சனின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு பீர் அனுப்பியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் மாதக்கணக்கான பயணத்தில் பீப்பாய்க்குள் அது முதிர்ந்தது. பர்ட்டன் நகரத்தின் ஆல்சாப், பாஸ் ஆலைகளும் 1820-களில் இந்தச் சந்தைக்குள் நுழைந்தன. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அந்த வணிகத்தின் மிச்சம். கடல் அன்று இலவசமாகக் கொடுத்த நேரத்தை இன்றைய வீட்டுக்காரர் தன் கார் ஷெட்டில் தேட வேண்டியிருக்கிறது. ஒரு வித்தியாசம்: இன்று அமெரிக்கர்கள் அதே பெயரில் தயாரிக்கும் பீரின் சிறப்பே ஹாப்ஸ் பூவின் புது மணம். அது சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும். ஆகவே சீக்கிரமும் ஆகாது, தாமதமும் ஆகாது.

தவறினால் என்ன? நடுவரின் நாக்கு கண்டுபிடித்துவிடும். அமெரிக்கப் போட்டிகளின் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கும் 'பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம்' 1985-ல் உருவானது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. பாட்டிலில் லேபிள் இருக்கக் கூடாது. மூடியில் எழுத்து இருந்தால் கறுப்பு மையால் அழித்துவிட வேண்டும். யாருடைய பீர் என்று தெரியாமலே நடுவர்கள் ருசிக்கிறார்கள்.

பெயர் தெரியாவிட்டாலும் அவசரம் தெரிந்துவிடும். பச்சை ஆப்பிள் வாசனை அடித்தால் பீர் இன்னும் பிஞ்சு என்று அர்த்தம். வெண்ணெய் வாசனை வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே யாரோ அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை என்றால் பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகுந்திருக்கிறது. வெயில் பட்ட பீரில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் நாற்றம் கிளம்பும். பழுப்புப் பாட்டிலை எல்லோரும் தேடுவது இதனால்தான். இந்தக் குறைகளையெல்லாம் நடுவர்கள் தாளில் எழுதி அனுப்புகிறார்கள். பதக்கம் சிலருக்குத்தான். அந்தத் தாள் எல்லோருக்கும் வரும். பலர் நுழைவுக் கட்டணம் கட்டுவதே அதற்காகத்தான்.

இத்தனையையும் பகிரங்கமாகச் செய்யும் உரிமை அமெரிக்கர்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. 1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. மளிகைக் கடைகளில் மால்ட் பாகு டப்பா விற்றது. ரொட்டி சுடுவதற்கு என்று சொல்லி வாங்கியவர்கள் நிலவறையில் வேறு வேலை பார்த்தார்கள். 1933-ல் மதுவிலக்கு நீங்கியது. வீட்டில் ஒயின் தயாரிப்பதற்குச் சட்டம் இடம் தந்தது. பீருக்குத் தரவில்லை. அந்த விடுபடல் 45 ஆண்டுகள் நீடித்தது. கலிபோர்னியாவின் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் முயற்சியால் திருத்தம் சேர்க்கப்பட்ட மசோதாவில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. மாநிலங்கள் தம் சட்டத்தைத் திருத்திக்கொள்ள மேலும் காலம் பிடித்தது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் வழிவிட்டன.

(இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள விஷயம். உரிமம் இல்லாமல் வீட்டில் தயாரிப்பது பொதுவாகக் குற்றமே. சில மாநிலங்களில் பழங்குடி மக்களின் அரிசி பீருக்கு மட்டும் வரம்புக்குட்பட்ட விலக்கு உண்டு.)

கார்ட்டர் கையெழுத்திட்ட அதே 1978-ல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் அமெரிக்க வீட்டு பீர் தயாரிப்பாளர் சங்கம் பிறந்தது. நிறுவியவர்கள் சார்லி பப்பாசியன், சார்லி மாட்சன் என்ற இருவர். அணுப் பொறியியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த பப்பாசியன், மாலை வகுப்புகளில் பீர் செய்யக் கற்றுக்கொடுத்து வந்தவர். 1984-ல் அவர் வெளியிட்ட கையேடு இத்துறையின் பாலபாடம். சங்கத்தின் தேசியப் போட்டி 1979-ல் சிறிய அளவில் தொடங்கி, பின்னாளில் பல ஆயிரம் பாட்டில்கள் வந்து குவியும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் பீர் ஆலைகளின் எண்ணிக்கை நூற்றுக்கும் குறைவு. இன்று 9,000-க்கும் மேல். புதிய ஆலைகளைத் தொடங்கியவர்களில் கணிசமானோர் ஒரு காலத்தில் வீட்டு வாளியோடு மல்லுக்கட்டியவர்கள்.

ஆகவே அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் வெறும் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. சிலருக்கு அது வாழ்க்கையை மாற்றக்கூடிய தேதி. ஆசை அங்கேதான் புகுகிறது. அலுவலக வேலை, குழந்தைக்குக் காய்ச்சல், ஏதோ ஒன்றால் சமையல் பத்து நாள் தள்ளிப்போகிறது. பாட்டிலுக்கு மூன்று வாரம் தேவை. கையில் இருப்பதோ பத்தே நாள். என்ன செய்வது?

செய்யச் சில வழிகள் உண்டு. பாட்டில்களை 25 டிகிரி வெப்பமுள்ள அறைக்கு மாற்றலாம். ஈஸ்ட் சற்று வேகமெடுக்கும். அடைக்கும்போது கொஞ்சம் புது ஈஸ்ட் சேர்க்கலாம். வசதியுள்ளவர்கள் குளிர்பான நிறுவனங்கள் ஒரு காலத்தில் பயன்படுத்திய 19 லிட்டர் எஃகுக் கலத்தில் பீரை ஊற்றி, சிலிண்டரிலிருந்து வாயுவை நேரடியாக ஏற்றி, சில நாட்களிலேயே பாட்டிலில் பிடிக்கிறார்கள். விதிகள் இதைத் தடுப்பதில்லை. ஆனால் இந்த வழிகள் எல்லாம் குமிழியைத்தான் கொடுக்கும். குமிழி வேறு, முதிர்ச்சி வேறு. பச்சை ஆப்பிள் வாசனையை ஈஸ்ட் தானே மெல்லத் தின்று தீர்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய எந்தச் சிலிண்டராலும் முடியாது. புகைபோட்டுப் பழுக்கவைத்த மாம்பழத்தின் நிறத்தைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு வழியும் உண்டு. அது ஆபத்தானது. அடர்த்தி நிலைக்கும் முன்பே, வாளியில் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே பாட்டிலில் அடைப்பது. அல்லது சீக்கிரம் பொங்கட்டும் என்று சர்க்கரையைக் கூட்டுவது. சரியாக வாயு ஏறிய பீர் பாட்டிலுக்குள்ளேயே, அறை வெப்பத்தில், ஏறத்தாழ ஒரு கார் டயரின் காற்றழுத்தம் இருக்கிறது. மிச்சச் சர்க்கரை அதை இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆக்கிவிடும். சோடா பாட்டில் வெடித்துச் சிதறினால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுத் தெருச்சண்டைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு பீர்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'பாட்டில் குண்டு'. அது வீட்டு அலமாரியில் வெடிக்கலாம். பெட்டியைச் சுமக்கும் கூலியாளின் கையில் வெடிக்கலாம். மூடியைத் திறக்கும் நடுவரின் முகத்தெதிரே வெடிக்கலாம். அமெரிக்கத் தபால் துறை மதுவை ஏற்பதே இல்லை. தனியார் கூரியர்களுக்கும் ஆயிரம் நிபந்தனைகள். அதனால் பலர் பெட்டியைத் தாங்களே காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவசரத்தின் விலையை அவசரப்பட்டவர் மட்டுமே கொடுப்பதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

காத்திருப்பது எப்படி என்பதற்கு இத்துறையில் ஓர் உதாரணம் உண்டு. கென் கிராஸ்மன் 1976-ல் கலிபோர்னியாவின் சீகோ நகரில் வீட்டு பீர் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். பால் பண்ணைகளில் கழித்துக்கட்டிய பழைய எஃகுப் பாத்திரங்களை வாங்கி, பால் கமூசி என்ற கூட்டாளியுடன் சேர்ந்து ஓர் ஆலையை அமைத்தார். 1980 நவம்பரில் சியரா நெவாடா ஆலையின் முதல் பீர் அடுப்பேறியது. கடன் வாங்கிய பணம், வருமானம் இல்லை. இருந்தும் அவர்களுடைய 'பேல் ஏல்' ஒவ்வொரு முறையும் ஒரே ருசியில் வரும்வரை அடுத்தடுத்துப் பல கொதிகளைச் சாக்கடையில் ஊற்றினார்கள். குடிக்க முடியாத பீர் அல்ல அது. அவர்கள் நினைத்த பீர் அல்ல, அவ்வளவுதான். அந்த பீரும் வீட்டு பீர் போலவே பாட்டிலுக்குள் சர்க்கரை தின்று உயிர்பெறும் வகை. பின்னாளில் அது அமெரிக்காவில் சிறு ஆலைகளின் காலத்தையே தொடங்கி வைத்த பீர்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது.

கார் ஷெட்டில் நிற்பவருக்கு அவ்வளவு பெரிய நஷ்டம் இல்லை. பெட்டி கட்ட வேண்டிய நாளில் அவர் சோதனைக்காக ஒரு பாட்டிலைத் திறக்கிறார். 'உஸ்' என்பது பலவீனமாக வருகிறது. முகர்ந்தால் பச்சை ஆப்பிள். கட்டணம் கட்டியாகிவிட்டது. நண்பர்களிடமும் சொல்லியாகிவிட்டது. பெயர் எழுதாத பாட்டில்தானே, அனுப்பிப் பார்க்கலாமே என்று மனம் இழுக்கும். அனுப்புகிறவர்கள் உண்டு. 50-க்கு இருபதோ இருபத்திரண்டோ வாங்கி, 'இன்னும் சில வாரம் பொறுத்திருக்கலாம்' என்ற குறிப்பைப் படித்துத் தலையாட்டுகிறவர்கள் அவர்கள். அனுப்பாமல் மூடிவைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எந்தத் தாளும் வருவதில்லை.

போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, அதே தொகுதியிலிருந்து இன்னொரு பாட்டில் திறக்கப்படுகிறது. இம்முறை சப்தம் கூர்மையாக இருக்கிறது. நுரை வெண்மையாக எழுந்து நிற்கிறது. ஆப்பிள் வாசனை போய் பார்லியின் ரொட்டி மணமும் ஹாப்ஸின் பூமணமும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பீர் தயாராகிவிட்டது, தன் தேதியில். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மிடறு குடித்துவிட்டு, இதை ஏன் போட்டிக்கு அனுப்பவில்லை என்று கேட்கிறார். பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போகிறார் வீட்டுக்காரர். அடுத்த ஆண்டுக் காலண்டர் இன்னும் வாங்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், சமையல் நாளை மூன்று வாரம் முன்னால் தள்ளி எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கிறார்.